அவசரம் முதலில் வரும்

பந்தயக் கழகத்தின் முன்கணிப்புக் குழு குதிரையைப் பார்ப்பதில்லை. சொன்னால் யாரும் உடனே நம்பமாட்டார்கள். விலைவாசியும் நம்பவில்லை.

விலைவாசி என்பது பத்திரிகை ஆபீஸில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர். தக்காளி ஏறியது, வெங்காயம் இறங்கியது, கத்திரிக்காய் அப்படியே நின்றது என்று வருஷக்கணக்காக எழுதியவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. ரேஸ் பக்கம் எழுதிக்கொண்டிருந்தவர் ஒருநாள் திடீரென்று வேலையை உதறிவிட்டு மாவு மில் வைக்கப் போய்விட்டார். ஆசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்த விலைவாசி கண்ணில் பட்டார்.

"நாளைக்கு ரேஸ். முன்னோட்டம் நீங்க எழுதுங்க. எந்தெந்தக் குதிரை ஜெயிக்கும்னு போட்டா போதும்."

"எனக்குக் குதிரையைப் பத்தி ஒண்ணும் தெரியாதே சார்."

"கத்திரிக்காயைப் பத்தி மட்டும் என்ன தெரியும்? எல்லாம் ஏறும், இறங்கும். போயிட்டு வாங்க."

ஆசிரியருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. விலைவாசியின் தங்கையைக் கட்டியவர் ஜாக்கி. போன வருஷம் ஒரு வளைவில் குதிரை இடறி, தலைகுப்புற விழுந்து, தோள்பட்டை எலும்பு முறிந்து, பின்னால் வந்த குதிரை மயிரிழையில் தாண்டிப் போனதால் பிழைத்து, மறுபடி குதிரை ஏறுகிறவர். அன்றிலிருந்து ரேஸ் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே விலைவாசி பேச்சை மாற்றிவிடுவார். பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

முன்கணிப்பு மண்டபம் பந்தயப் பாதையை ஒட்டியே இருந்தது. பாதையைப் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார்கள். உள்ளே நீளமேஜை, தண்ணீர் ஜாடி, நடுவில் பித்தளை மணி. மேஜையைச் சுற்றி அங்கத்தினர்கள் வயதுப்படி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரிலும் மூத்தவர் தலைவர். ஓய்வுபெற்ற அணைக்கட்டு அதிகாரி. அவர் பணியில் இருந்த காலத்தில் எந்த அணையும் உடைந்ததில்லை என்பது அவருடைய தகுதி. எந்த அணையும் கட்டப்படவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

"ஜன்னலுக்கு ஏன் சார் பெயிண்ட்?" என்று விலைவாசி செயலாளரிடம் கிசுகிசுத்தார். செயலாளர் மெலிந்த மனிதர். எதைக் கேட்டாலும் முதலில் கோட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"குதிரை தெரிஞ்சிடக் கூடாதில்ல. பார்த்தா ஒரு குதிரை மேல பிரியம் வந்துடும். பிரியம் வந்தா பாரபட்சம். இங்க இருக்கிற யாரும் பதவி ஏத்த நாள்லேருந்து குதிரையைப் பார்த்ததில்லை. போன கோடையில ஒரு குட்டி கட்டறுத்துக்கிட்டு வராந்தாவுக்கே வந்துடுச்சு. அதை இழுத்துக்கிட்டுப் போற வரைக்கும் எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டே உக்காந்திருந்தோம். ஒருத்தர் மேல அது மூச்சு விட்டிருக்கு. அவர் அன்னைக்கே ராஜினாமா கொடுத்துட்டார்."

கணிப்பு ஆரம்பமானது. முறை என்னவென்றால், செயலாளர் பந்தயத்தைச் சொல்வார், தலைவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கி வைத்திருந்துவிட்டு ஒரு பெயரைச் சொல்வார். அவருக்கு அடுத்த மூத்தவர் அதே பெயரைச் சொல்லி ஒரு காரணம் சேர்ப்பார். அதற்கடுத்தவர் அதே பெயருக்கு வேறொரு காரணம். கடைசியில் இருப்பவருக்குக் காரணம் மிஞ்சாது. அவர் பெயரை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார். உடனே தலைவர் மணியை அடிப்பார். அடித்துவிட்டால் அடித்ததுதான்.

முதல் பந்தயம் பொறுமை என்ற குதிரைக்குப் போயிற்று. காற்றடிக்கும் திசை அதற்குச் சாதகம் என்றார்கள். அடுத்தது யோசனைக்கு. அதன் தாயார் கண்ணியமான குதிரையாம். கடைசியாகப் பெரிய பந்தயம். தலைவர் கண்ணை மூடினார்.

"அவசரம்," என்றார்.

"அவசரம்தான்," என்றார் அடுத்தவர். "பேர்லயே வேகம் இருக்கு."

"அவசரம்," என்றார் அதற்கடுத்தவர். "போன தடவை தோத்துடுச்சு. திரும்பத் திரும்பத் தோக்கிறது குதிரைக்கு அலுப்பா இருக்கும்."

மணி அடித்தது. செயலாளர் எழுந்து நின்று வாசித்தார்: "பெரிய பந்தயத்தில் அவசரம் இரண்டு குதிரை நீள வித்தியாசத்தில் முதலில் வரும். ஓட்டுபவர்..." என்று ஆரம்பித்து ஜாக்கியின் பெயரையும் சொன்னார்.

விலைவாசியின் பேனா நின்றது. மாப்பிள்ளையின் பெயர்.

என்ன இருந்தாலும் ஜெயிக்கப் போகிறவர் நம் வீட்டு மனுஷர் என்று ஒரு சின்னப் பெருமை வந்தது. அதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று லாயத்துப் பக்கம் நடந்தார். பெருமை லாயத்து வாசல் வரைக்கும்தான் தாங்கியது.

அவசரம் நொண்டிக்கொண்டிருந்தது.

நொண்டுவது என்றால் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற நொண்டல் இல்லை. முன்னங்கால் ஒன்றைத் தரையில் வைப்பதற்கு முன்னால் அது யோசித்தது. வைத்த பிறகு உடனே எடுத்துக்கொண்டது. குதிரையை வாழ்நாளில் நிமிர்ந்து பார்த்திராத விலைவாசிக்கே அது தெரிந்தது. மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து அந்தக் காலை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பயிற்சியாளர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வாங்க மச்சான். என்ன இந்தப் பக்கம் காத்தடிக்குது?"

"மாப்பிள்ளை, இதென்ன இது? கால் இப்படி வீங்கியிருக்கு?"

"காலையில ஓட விட்டோம், குழியில வெச்சிடுச்சு. ரெண்டு மாசம் நிக்கணும். நல்ல வேளை, நாளைக்கு ஓட வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா சரியாப் போச்சு."

"கணிச்சாச்சே," என்றார் விலைவாசி. "மணி அடிச்சுட்டாங்க. இதுதான் முதல்ல வருதாம்."

மாப்பிள்ளையின் கை நின்றது. பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப முடிஞ்சுது கதை," என்றார் பயிற்சியாளர். "கணிச்ச குதிரை விலக முடியாது. தோக்கப்போற குதிரைன்னா எப்ப வேணா விலகலாம், ஒருத்தனும் கேக்க மாட்டான். ஜெயிக்கப்போறது எப்படி விலகும்?"

"ஆள் விலகலாமில்ல?"

"ஆள் பேரையும் சேர்த்து வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்க."

"அப்ப ஆளும் விலக முடியாது. விலகினா அப்புறம் ஆயுசுக்கும் எந்தக் குதிரையும் கிடைக்காது."

மாப்பிள்ளை குதிரையின் கழுத்தை மெல்லத் தட்டிக் கொடுத்தார். பிறகு சாதாரணமாக, யாருக்கோ நடக்கிற மாதிரி சொன்னார்: "நேரா ஓடுற வரைக்கும் தாங்கும் மச்சான். வளைவுலதான் மடியும். நடுவுல மாட்டிக்கிட்டா பின்னாடி வர்றதெல்லாம் மேல ஏறிடும். உங்க தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க."

சொல்லாதே என்று சொல்லப்பட்ட சங்கதியை விலைவாசி வாசலைத் தாண்டுவதற்குள் போனில் தங்கையிடம் சொல்லிவிட்டார். அவருக்கு வாயில் எதுவும் நிற்காது.

"அண்ணே," என்றாள் தங்கை. "போன தடவை நான் அவருக்கு மூணு மாசம் சோறு ஊட்டிவிட்டேன். ஊட்டிவிட எனக்குக் கஷ்டமில்ல. ஆள் இருந்தா போதும். நீ எங்க போவியோ யாரைப் பார்ப்பியோ எனக்குத் தெரியாது. நாளைக்கு அந்தக் குதிரை மேல அவர் ஏறக் கூடாது."

விலைவாசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடக்கிறோமா ஓடுகிறோமா என்று தெரியாமல் செயலாளர் அறைக்குள் போய் நின்றார். செயலாளர் கோட்டுப் பொத்தானைத் தொட்டார்.

"குதிரை நொண்டுது சார்."

"எந்தக் குதிரை?"

"அவசரம்."

"அப்படி ஒரு தகவல் குழுவுக்கு வரலையே."

"இப்ப நான் சொல்றேனே."

"நீங்க பார்த்துட்டுச் சொல்றீங்க. பார்த்தவங்க சொல்றதை நாங்க எடுத்துக்கிறதில்லை. அதான் பாரபட்சம்."

"அப்ப யார் சொன்னா எடுத்துப்பீங்க?"

செயலாளர் பொத்தானை ஒரு சுற்றுச் சுற்றினார். "பார்க்காதவங்க யாராவது சொல்லணும்," என்றார். "நடை நிபுணர் இருக்கார். கூட்டிக்கிட்டுப் போங்க."

நடை நிபுணர் குண்டான, சாந்தமான மனிதர். மூன்று நூல்கள் எழுதியவர் என்று செயலாளர் சொன்னார். லாயத்துக்கு வரும்போதே கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். விலைவாசி கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். சாணத்தில் ஒரு தடவை வழுக்கியபோது, "இது என்னன்னு சொல்லாதீங்க," என்று கேட்டுக்கொண்டார். குதிரைக்கும் அவருக்கும் நடுவே ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். பயிற்சியாளர் குதிரையை மெல்ல நடத்தினார். டக், டக், டக் என்று மூன்று சத்தம். நாலாவது வரவேண்டிய இடத்தில் ஒரு இடைவெளி, பிறகு ஒரு முனகல்.

நிபுணர் தலையை ஆட்டி ரசித்தார். "இன்னொரு தடவை," என்றார். இன்னொரு தடவை நடத்தினார்கள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மூணு கால் ஓடுது. ஒரு கால் சிந்திக்குது," என்றார் நிபுணர். "என் வாழ்நாள்ல இப்படி ஒரு நிதானத்தைக் கேட்டதில்லை. வேகமா ஓடுற குதிரைங்க எல்லாத்துக்கும் ஒரே குறை, யோசிக்காம ஓடும். இதுகிட்ட அந்தக் குறை இல்லை. தலைவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி."

"வலியில முனகுது ஐயா," என்றார் விலைவாசி.

"தன்னம்பிக்கை," என்றார் நிபுணர்.

அவரைப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு விலைவாசி தெருவில் நின்றார். மத்தியானம் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாப்பிடவும் பிடிக்கவில்லை. போன் மறுபடி அடித்தது. தங்கை. எடுத்தால் என்ன சொல்வது? எடுக்காமல் பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஆட்டோவைப் பிடித்துத் தலைவர் வீட்டுக்கே போய்விட்டார். இப்படிப்பட்ட துணிச்சல் அவருக்கு அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது. அது வெங்காய மண்டியில், தராசு விஷயமாக.

தலைவர் வரவேற்பறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். சுவரில் அவர் வாங்கிய கேடயங்கள். எல்லாவற்றிலும் ஓடுகிற குதிரை பொறித்திருந்தது. அந்தக் குதிரைகள் மேல் மட்டும் காகிதம் ஒட்டியிருந்தார்.

"உக்காருங்க. பத்திரிகைதானே? எழுதிக்குங்க," என்று அவரே ஆரம்பித்துவிட்டார். "இத்தனை வருஷத்துல இந்தக் குழுவோட கணிப்பு ஒரு தடவைகூடத் தவறினதில்லை."

விலைவாசி தயங்கினார். "போன மாசம் பொறுமை ஜெயிக்கும்னு சொன்னீங்க. அது கடைசியா வந்ததா எங்க பேப்பர்லயே போட்டிருந்ததே ஐயா."

"கணிப்பு தவறலை. பந்தயம் தவறிப் போச்சு." தலைவர் குரலில் கோபமே இல்லை. வருத்தம்தான் இருந்தது. "நாங்க சரியாத்தான் சொன்னோம். அவங்க சரியா ஓடலை. அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்? பந்தயத்தைக் கண்டிச்சு ஒரு தீர்மானம் போட்டோம். அதுக்கு முந்தின மாசமும் போட்டோம். அதுக்கு முந்தியும் போட்டோம். பந்தயத்துக்கு ரோஷம் வரணுமே."

"ஐயா, நாளைக்கு ஓடப்போற குதிரைக்குக் கால்ல..."

"கால்னு சொல்லாதீங்க," என்று கையைத் தூக்கித் தடுத்தார் தலைவர். "அந்தப் பேச்சே எனக்குப் பழக்கமில்லை. தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். கணிப்புங்கிறது ஒரு ஆகாயம். பந்தயம்ங்கிறது கீழ நடக்கிற ஒரு சரிபார்ப்பு. நாங்க சொன்னது சரியான்னு பார்க்கத்தான் அதுங்க ஓடுதுங்க."

விலைவாசிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. காலையிலிருந்து அலைந்த அலைச்சல், தங்கை குரல், அந்த முனகல் எல்லாம் சேர்ந்துகொண்டன. என்ன பேசுகிறோம் என்று நிதானிக்காமலே கேட்டுவிட்டார்.

"அப்ப உங்களைச் சரிபார்க்கிறது யாருங்க ஐயா? குதிரைங்களா?"

தலைவர் திறந்த வாயை மூடவில்லை. முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புல் தின்கிறதுங்க," என்றார் தமக்குள்ளேயே. "புல் தின்னுட்டு, என்னை... இத்தனை வருஷமா." போனை எடுத்துச் செயலாளரை அழைத்தார். "நாளைக்கு ஓட வேண்டாம். ஒண்ணும் ஓட வேண்டாம். கணிச்சாச்சு இல்ல? அதுவே முடிவு. எவனும் எவளும் என்னைச் சரிபார்க்க வேண்டாம்."

விலைவாசி தெருவுக்கு வந்ததும் தங்கையைக் கூப்பிட்டார். அவள் அழுதாள். அவரும் அழுதார். வழியில் ஒரு கடையில் பரோட்டா நாலு சாப்பிட்டார்.

மறுநாள் கூட்டம் வழக்கம்போல வந்தது. ஒலிபெருக்கியில் செயலாளர் முடிவுகளை வாசித்தார். பொறுமை முதலிடம், யோசனை முதலிடம், பெரிய பந்தயத்தில் அவசரம் இரண்டு குதிரை நீள வித்தியாசத்தில் முதலிடம். சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. யாராவது கல் எறிவார்கள் என்று போலீஸ்காரர்கள் தடியைத் தயாராக வைத்திருந்தார்கள். ஆனால் அவசரத்தின் மேல் பந்தயம் கட்டியவர்கள் ஓடிப்போய் டிக்கெட் ஜன்னலில் கையை நீட்டினார்கள். பணம் வந்தது. அதற்கப்புறம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. போகிறபோது ஒருவர், "இன்னைக்கு அவசரம் கடைசி வளைவுல என்னா பாய்ச்சல்," என்று சொன்னது விலைவாசியின் காதிலேயே விழுந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் அலுப்பு வரும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணிப்பே முடிவு என்று ஆனதும் சனங்கள் கணிப்பைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். மண்டபத்தில் நாற்காலி போட்டார்கள். போதவில்லை. பாதையின் மேல் பெரிய கொட்டகை போட்டு நீளமேஜையை அங்கே நகர்த்தினார்கள். எந்த அங்கத்தினர் முதலில் தண்ணீர் குடிப்பார், யார் தூங்கி விழுவார் என்பதன் மேல் பந்தயம் கட்டினார்கள். தலைவர் கண்ணை மூடினால் கொட்டகையே மூச்சடக்கும். அங்கத்தினர்கள் காலையில் கம்பீரமாக நடைப்பயிற்சி செய்வதைப் பார்க்க வேலியோரம் ஆட்கள் நின்றார்கள். கண்ணாடி போட்ட அங்கத்தினருக்கு இருமல் என்று வதந்தி வந்த அன்று அவர் மேல் கட்டியிருந்தவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். விலைவாசி எழுதும் முன்னோட்டம் இப்போது அங்கத்தினர்களைப் பற்றியது. "இளையவர் நல்ல உடல்நிலையில் இருக்கிறார், காரணம் ஒன்று மிஞ்சினால் எட்டிப் பிடிப்பார்" என்று எழுத வேண்டியிருந்தது. ஆசிரியர் சம்பளம் கூட்டிக் கொடுத்தார்.

குதிரைகளுக்குத் தீனி எதற்கு என்ற கேள்வி தானாக வந்தது. உரிமையாளர்கள் ஒவ்வொன்றாக விற்றார்கள். பொறுமை செங்கல் வண்டி இழுக்கப் போயிற்று. யோசனையை ஒரு சர்க்கஸ்காரர் வாங்கினார். நொண்டிய அவசரத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது லாயத்திலேயே நின்றது.

ஜாக்கிகளைக் கழகம் கைவிடவில்லை. அதைத் தலைவர் ஒரு கூட்டத்தில் பெருமையோடு சொன்னார். ஒவ்வொரு அங்கத்தினருக்குப் பின்னாலும் ஒரு ஜாக்கி, பளபளக்கும் சட்டை, தொப்பி, பூட்ஸ் சகிதம் நிற்க வேண்டும். மாப்பிள்ளைக்குத் தலைவரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பிடித்துக்கொள்ளும் வேலை. விழுவதற்கு வழியே இல்லாத வேலை. முதல் மாதம் தங்கை விலைவாசியைக் கூப்பிட்டு வைத்து விருந்து போட்டாள். அடுத்த மாதம் அவள் முகம் சரியில்லை.

"சாப்பிடவே மாட்டேங்கிறார் அண்ணே. சோபா கைப்பிடி மேல ஏறி ரெண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கார். எறங்குங்கன்னா எறங்குறார். திரும்பிப் பார்த்தா மறுபடி அங்கதான் உக்காந்திருக்கார். எலும்பு முறிஞ்சப்பகூட இவர் இப்படி இல்லை."

அன்று மாப்பிள்ளை விலைவாசியை லாயத்துக்குக் கூட்டிப் போனார். அவசரத்தின் கால் ஆறியிருந்தது. பயிற்சியாளர் சொந்தக் காசில் தீனி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் இருந்து வந்த வெளிச்சத்தைப் பார்த்து அது காலால் தரையைச் சுரண்டியது. எந்தக் காலும் யோசிக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "கூட்டத்து முன்னாடி ஒரு சுத்து. அது போதும் எனக்கு. அன்னைக்குத் தலைவர்கிட்ட பேசி நிறுத்துனது நீங்கதானே. பேசி ஓட வைங்க."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் விலைவாசிக்கு அது சுருக்கென்று தைத்தது. மறுநாளே போய்த் தலைவர் முன்னால் நின்றார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களையே பார்க்கிற சனங்களுக்கு ஒரு மாறுதல் வேண்டும் என்றார், பழைய நாளின் ஞாபகமாக இருக்கட்டும் என்றார், குதிரை உங்களைச் சரிபார்க்காது, சும்மா ஓடும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

"ஓடட்டும்," என்றார் தலைவர். "கணிக்காம மட்டும் ஓடக் கூடாது."

"ஒரே ஒரு குதிரைதானே ஐயா இருக்கு."

"எத்தனை இருந்தா என்ன? முறைன்னு ஒண்ணு இருக்கு."

குழு கூடியது. கொட்டகை நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை கண்ணாடிக்கூட்டோடு தலைவருக்குப் பின்னால் நின்றார். செயலாளர் எழுந்து, "பந்தயம் ஒன்று. குதிரை ஒன்று. அவசரம்," என்று வாசித்தார். தலைவர் கண்ணை மூடினார். விலைவாசி பேனா மூடியைக் கடித்தார். தனியாக ஓடுகிற குதிரைக்கு என்ன கணிப்பு வேண்டிக்கிடக்கிறது, இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார்.

"இரண்டாவது," என்றார் தலைவர்.

கொட்டகையில் ஒரு சலசலப்பு. தலைவர் கண்ணைத் திறக்காமலே விளக்கினார். "முதல்ல வரும்னு சொல்றதுக்கு ஒரு குழு எதுக்கு? அதை ரோட்டுல போறவன்கூடச் சொல்லுவான். நாம இங்க உக்காந்திருக்கிறது ரோட்டுல போறவனுக்குத் தெரியாததைச் சொல்றதுக்கு."

"இரண்டாவதுதான்," என்றார் அடுத்தவர். "ரெண்டு மாசமா நின்ன குதிரை. நின்னுட்டு வந்ததும் முதல் இடத்துக்கு ஆசைப்படாது."

"இரண்டாவது," என்றார் அதற்கடுத்தவர். "தனியா ஓடினா உற்சாகம் இருக்காது. உற்சாகம் இல்லாதது எப்படி ஜெயிக்கும்?"

நடை நிபுணர், அந்தக் குதிரை பிறருக்கு வழிவிடும் குணம் கொண்டது, தாம் காதால் கேட்டது என்று எழுந்து நின்று சொன்னார். கைதட்டல் எழுந்தது. கடைசியில் இருந்த இளையவர், "இரண்டாவது," என்று கத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். அவர் மேல் கட்டியிருந்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள். மணி அடித்தது.

அதைப் பற்றி மாப்பிள்ளைக்குக் கவலையே இல்லை. அவருக்கு ஓடினால் போதும். பந்தயத்தன்று கொட்டகையின் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பாதையைத் திறந்துவிட்டார்கள். அங்கத்தினர்கள் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். தங்கை வந்திருந்தாள். விலைவாசியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். விலைவாசி முதல் தடவையாக ஒரு பந்தயத்தைக் கண்ணை மூடாமல் பார்த்தார்.

கதவு திறந்ததும் அவசரம் பாய்ந்தது. இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்த ஓட்டமெல்லாம் அதன் காலில் இருந்தது. மாப்பிள்ளை அதன் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, உள்வேலியை உரசுகிற மாதிரி வளைவில் திரும்பினார். போன வருஷம் விழுந்த வளைவு. தங்கை "அம்மா" என்றாள். குதிரை வளைவைத் தாண்டியது. மண் பறந்தது. கால்கள் தரையைத் தொடுகிற சத்தம் விலைவாசியின் நெஞ்சுக்குள் கேட்டது. அடடா, இதைப் பார்க்காமலா இத்தனை வருஷம் வெங்காயம் எழுதினோம் என்று நினைத்தார். அவருக்கே தெரியாமல் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். முன்னாலும் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை. அவசரம் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் வெகுதூரம் கழித்துத்தான் நின்றது.

முடிவுப் பலகை ஏறியது. முதலிடம் என்ற வரிக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. இரண்டாவது இடத்துக்கு எதிரே "அவசரம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டாவது வரும் என்று கட்டியவர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். கண்கட்டை அவிழ்த்த தலைவருக்கு மாலை போட்டார்கள். "கணிப்பு தவறவில்லை, பந்தயமும் தவறவில்லை. இன்றுதான் இரண்டும் ஒத்துப்போயின," என்று அவர் ஒலிபெருக்கியில் பேசும்போது குரல் தழுதழுத்தது.

விலைவாசியும் தங்கையும் வேலியைத் தாண்டி ஓடினார்கள். மாப்பிள்ளை இறங்கிக் குதிரையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் வேர்வை, முகம் பூராவும் சிரிப்பு. தங்கை அவர் தோளை, பழைய முறிவு இருந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. திரும்பி, காலியாகக் கிடந்த பாதையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார்.

"எந்தப் பக்கமா முந்தினாங்க மச்சான்? நான் உள்பக்கத்தை விடவே இல்லையே."

"யாரும் முந்தலை மாப்பிள்ளை. நீங்க தனியாத்தான் ஓடினீங்க. நான் கண்ணால பார்த்தேன்."

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டு குதிரையை லாயத்துப் பக்கம் திருப்பினார். "வளைவுல நான்தான் கொஞ்சம் மெத்தனமா இருந்துட்டேன். அடுத்த தடவை இன்னும் இறுக்கி ஓட்டுறேன்."